திட்டமிடச் சொல்லும் முன் அட்டவணையைக் கொடுங்கள்: ஆங்கிலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கிலத் துறைத் தலைவர் அவர்களுக்கும், பாட அட்டவணையை முடிவு செய்யும் குழுவினருக்கும்,

செமஸ்டர் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இலக்கியக் கோட்பாட்டுப் பாடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, மலேசிய சிங்கப்பூர் ஆங்கில இலக்கியம் இந்த முறையும் நடக்காது, போதிய மாணவர்கள் இல்லை என்பதே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தால்கூட வருத்தப்பட்டுவிட்டு இருந்திருப்போம். கடைசி வரியில் மாணவர்கள் தங்கள் பாடங்களை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று எங்களுக்கு அறிவுரையும் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் பினாங்கில், உங்கள் துறையில் மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும் மாணவி. இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவத்தைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்கள் கட்டணத்தைக் கட்டுகிற பெற்றோர்களில் பலர் இதைப் படிக்க வேண்டும், பிள்ளை ஏன் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறது என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது அவர்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

சேர்ந்த அன்று நீங்கள் எங்கள் கையில் கொடுத்த திட்டத்தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். இடப்பக்கம் செமஸ்டர், வலப்பக்கம் பாடங்கள், கடைசியில் மொத்தம் 120 கிரெடிட். எந்தப் பாடம் எப்போது, எதை முடித்தால் எதை எடுக்கலாம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ‘மாற்றத்திற்கு உட்பட்டது’ என்றும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். நான் எந்த ஆண்டு முடிப்பேன், தம்பி எந்த ஆண்டு ஆறாம் படிவம் முடிப்பான், இரண்டு பேர் கட்டணமும் ஒன்றாக விழாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அப்பா அதைப் பார்த்துத்தான் திட்டம் போட்டார். பிறையில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு ஒரு வருடத் தாமதம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாள்படி இலக்கியக் கோட்பாடு இரண்டாம் ஆண்டின் இரண்டாவது செமஸ்டரில் வந்திருக்க வேண்டும். அப்போது நடத்தவில்லை, பாடம் எடுத்த விரிவுரையாளர் போய்விட்டார், அடுத்த செமஸ்டரில் கட்டாயம் உண்டு என்றார்கள். இப்போது அதுவும் இல்லை. இது ஒரு பாடம் தள்ளிப்போவதோடு நிற்கிற விஷயமா? கோட்பாடு முடித்தால்தான் ஆய்வு முறைப் பாடம் எடுக்க முடியும், ஆய்வு முறை முடித்தால்தான் ஆய்வேடு எழுத முடியும், ஆய்வேட்டுக்கு இரண்டு செமஸ்டர் வேண்டும். இந்த வரிசையை வகுத்தது நீங்கள். வரிசை சரியானதுதான், அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். ஒரு நாவலை எந்தக் கண்ணோட்டத்தில் படிக்கிறோம் என்றே தெரியாமல் அதைப் பற்றி ஆய்வேடு எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கம்தான் வரும், முதல் ஆண்டில் நாங்கள் எல்லோரும் எழுதிய கட்டுரைகள் அப்படித்தான் இருந்தன. வரிசை முக்கியம் என்று நீங்களே நினைப்பதால்தான் கேட்கிறேன், வரிசையில் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற பாடத்தை எப்படித் தலை எண்ணிப் பார்த்து ரத்து செய்ய முடிகிறது?

சரி, இதற்குத் தீர்வு என்று உங்கள் அலுவலகம் சொன்னது என்ன தெரியுமா? கோட்பாடு வரும்வரை மற்ற பாடங்களை முடித்துவிடுங்கள், வேண்டுமானால் ஒரே செமஸ்டரில் 21 கிரெடிட் எடுக்க அனுமதி தருகிறோம், குறுகிய செமஸ்டரில் மூன்று பாடம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள்.

இதை எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல், இது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் கணக்கு. விரிவுரை, டுட்டோரியல், வீட்டில் படிப்பது, இடுபணி, தேர்வு எல்லாம் அந்த 40க்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். வழக்கமான ஐந்து பாடங்களுக்கு 600 மணி. வகுப்பு நடப்பது 14 வாரம், இடைவேளையும் படிப்பு வாரமும் தேர்வும் சேர்த்து 18 வாரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 33 மணி நேரம் ஆகிறது. அதையே 21 கிரெடிட், அதாவது ஏழு பாடமாக்கினால் 840 மணி, வாரத்துக்கு 47 மணிக்கு வந்துவிடுகிறது. ஏழு வாரக் குறுகிய செமஸ்டரில் மூன்று பாடம் என்றால் 51 மணி. இந்த மணிக்கணக்கு ஒவ்வொரு பாடத்தின் விவரத்தாளிலும் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது, போட்டது நீங்கள்தான். பட்டர்வொர்த்தில் மருந்துக்கடையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற என் தோழியிடம் போய் வாரம் 51 மணி நேரம் படி என்று யார் சொல்லப்போகிறீர்கள்?

அதிலும் ஆங்கிலப் பட்டம் மற்றப் படிப்புகள் மாதிரி கிடையாது. இங்கே பளு எல்லாம் வாசிப்பில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் பாடத்தில் ஒரு புத்தகமே ஐநூறு பக்கத்தைத் தாண்டும், இரண்டு வாரத்தில் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் நாவல் பாடத்தோடு தொடரியல் மாதிரி பயிற்சி செய்து படிக்கிற மொழியியல் பாடம் ஒன்றைச் சேர்த்து எடுத்தால் சமாளிக்கலாம், நாவல், நாடகம், அமெரிக்க இலக்கியம் மூன்றையும் ஒரே செமஸ்டரில் போட்டால் எதையும் முழுதாகப் படிக்காமல் இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் பார்த்துத் தேர்வு எழுதுகிற நிலைதான் வரும். சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான், கனமான இலக்கியப் பாடம் இரண்டுக்கு மேல் ஒரு செமஸ்டரில் வேண்டாம், நடுவில் மொழியியலையும் பொதுப் பாடத்தையும் பரப்பி வை என்று. நாங்கள் திட்டமிடுகிறோம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மணிக்கணக்காகப் பேசித் திட்டமிடுகிறோம். ஒரு மின்னஞ்சலில் அத்தனையும் கலைந்துவிடுகிறது, எது மிச்சமிருக்கிறதோ அதை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அப்புறம் மாணவர்கள் வாசிப்பதில்லை என்று விரிவுரையாளர்கள் வருத்தப்படுகிறார்கள்.

பொதுப் பாடங்கள் என்றேன். 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் எல்லோரும் முடித்தாக வேண்டிய எம்.பி.யு. பாடங்கள் இருக்கின்றன, அவை வேறு துறையின் பொறுப்பு. போன முறை அறநெறி, நாகரிகப் பாடத்தையும் தொடரியலையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வைத்திருந்தீர்கள். இரண்டும் கட்டாயப் பாடங்கள். எங்களோடு ஒன்றாகச் சேர்ந்த அணியில் பாதிப் பேர் ஒன்றை விட்டுத்தான் மற்றதை எடுத்தார்கள். இரண்டு துறைகள் ஒரு தடவை உட்கார்ந்து அட்டவணையை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். எங்களில் நிறையப் பேர் பி.டி.பி.டி.என். எனப்படும் அரசின் உயர்கல்விக் கடனில் படிப்பவர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற படிப்புக் காலத்துக்குத்தான் அந்தக் கடன். துறை ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டதால் கூடுதலாக விழுகிற செமஸ்டருக்குக் கட்டணம் எங்கிருந்து வரும்? எனக்கு மேல் அணியில் ஒரு அக்கா, சுங்கை பாக்காப்பிலிருந்து வருபவர், இதே மாதிரி ஒரே ஒரு பாடம் நடக்காததால் பட்டம் முடிக்காமல் நிற்கிறார். கடன் முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிறார், விண்ணப்பத்தில் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். தகுதி என்றுதான் எழுத முடிகிறது, 117 கிரெடிட் முடித்திருந்தும் பட்டதாரி என்று போட்டுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாடம் ஒருவழியாக வந்தபோது மாலை 6 முதல் 9 வரை வைத்தீர்கள், பகுதிநேர விரிவுரையாளருக்கு அந்த நேரம்தான் வசதி என்றீர்கள். ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து, பஸ் பிடித்துப் படகுத்துறைக்குப் போய், கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து சுங்கை பாக்காப்புக்கு எந்த பஸ்ஸில் போவார்? வீட்டில் அனுமதிக்கவில்லை. அனுமதிக்காத பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மலேசிய இலக்கியப் பாடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது விருப்பப் பாடம்தானே, போனால் போகிறது என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. எனக்கு அது அப்படி இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலத்துக்காகத் தனி வகுப்புக்குப் போய், பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான முவெட் எழுதி, நாம் ஆங்கிலம் படிக்கலாமா என்று பயந்து பயந்துதான் இந்தப் பட்டத்துக்கு வந்தேன். முதல் ஆண்டு முழுக்கப் பனியும் பண்ணை வீடும் உள்ள ஊர்களைப் படித்தோம், பிடித்துத்தான் படித்தேன். ஆனால் கெடாவில் பீடோங்கில் 1942இல் பிறந்த ஒரு தமிழர், கே. எஸ். மணியம், ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்திருக்கிறார் என்பது எனக்குத் திட்டத்தாளில் இருந்த பாட விளக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பீடோங் பட்டர்வொர்த்திலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. எங்கள் பாட்டி பால் மரம் சீவியவர். அவர் சொன்ன மாதிரியான வாழ்க்கை ஒரு பல்கலைக்கழகப் பாடமாக, அதுவும் ஆங்கிலத் துறையில் இருக்கிறது என்று தெரிந்தபோது இந்தத் துறையில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றியது. ஆய்வேட்டைக்கூட அதில்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். நான் சேர்ந்ததிலிருந்து அந்தப் பாடம் ஒரு தடவைகூட நடக்கவில்லை. பதிவுத் தளத்தில் அதன் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, எதிரே ‘தற்போது வழங்கப்படவில்லை’ என்று வருகிறது. ஆனால் கல்வி கண்காட்சியில் புதிய மாணவர்களுக்குக் கொடுக்கிற வண்ணக் கையேட்டில் அது இன்னமும் இருக்கிறது. போன மாதம் வந்த கையேட்டிலும் பார்த்தேன். நடத்தாத பாடத்தைக் காட்டி ஆள் சேர்ப்பது சரியில்லை, இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போதிய மாணவர்கள் இல்லை என்ற காரணத்தையும் கொஞ்சம் பாருங்கள். பாடம் நடக்குமா நடக்காதா என்று தெரியாததால் பலர் பதிவு செய்யப் பயப்படுகிறார்கள், கடைசி நேரத்தில் ரத்தானால் வேறு நல்ல பாடங்களில் இடம் நிரம்பியிருக்கும். பதிவு குறைவதால் நீங்கள் ரத்து செய்கிறீர்கள், ரத்து செய்வதால் அடுத்த முறை பதிவு இன்னும் குறைகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்று முன்பே சொல்லி, சொன்னபடி நடத்தினால் இரண்டு அணி மாணவர்களும் சேர்ந்து வருவார்கள், எண்ணிக்கையும் கூடும். ஆசிரியர் பயிற்சியாக ஆங்கிலம் படிக்கிற டெசல் மாணவர்களுக்கும் அந்தப் பாடத்தைத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது, அவர்களில் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் யாரிடம் பேசுவது என்பதே இன்னொரு பிரச்சினை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பாட ஆலோசகர் உண்டு என்று விதி இருக்கிறது. பதிவுத் தளத்தில் என் பெயருக்கான பக்கத்தில் ஆலோசகர் என்று இன்னமும் காட்டுவது அந்தப் போய்விட்ட விரிவுரையாளரின் பெயரைத்தான். அவருக்குப் போகிற மின்னஞ்சல் திரும்பி வருகிறது. ஆலோசகர் இல்லாததால் நடக்கிற சேதம் வெளியே தெரியாது. பட்டயப் படிப்பு முடித்து வந்த ஒரு மாணவர் இருக்கிறார். பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு 30 விழுக்காடு வரை, அதாவது 120இல் 36 கிரெடிட் வரை மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வருவதற்குள் செமஸ்டர் பாதி ஓடிவிட்டது, ஏற்கனவே படித்த ஒலியியலையே மறுபடி கட்டணம் கட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியராக வேண்டும் என்று வந்த இரண்டு பெண்களுக்கு, இந்தப் பட்டம் மட்டும் அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் போதாது, தனியாக ஆசிரியர் கல்வித் தகுதியும் வேண்டும் என்று இரண்டாம் ஆண்டு முடியும்வரை யாரும் சொல்லவில்லை. முதல் செமஸ்டரிலேயே ஒருவர் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் அவர்கள் டெசலுக்கே மாறியிருப்பார்கள்.

துறைக்கும் நெருக்கடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறை, மேலிடத்தில் எண்ணிக்கை கேட்கிறார்கள், முழுநேர விரிவுரையாளர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பாடம் சுமக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஷேக்ஸ்பியர் வகுப்பில் இருமலோடு நின்று இரண்டு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு நேராக அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரை நாங்கள் மதிக்கிறோம். இந்தக் கடிதம் அவர்கள்மேல் புகார் இல்லை. அட்டவணை போடும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் கேட்கிறேன்.

முதலில், இலக்கியக் கோட்பாட்டை அடுத்த ஆண்டுவரை தள்ளாதீர்கள். இந்தச் செமஸ்டரில் முடியாது என்றால் அடுத்து வரும் ஏழு வாரச் செமஸ்டரில் அந்த ஒரு பாடத்தை மட்டும் நடத்துங்கள். 120 மணி நேரம் ஏழு வாரத்தில் என்றால் வாரத்துக்கு 17 மணிதான் ஆகிறது, அது எங்களால் முடியும், வேலைக்குப் போகிறவர்களாலும் முடியும். பகலில் வையுங்கள். அதை முடித்தவர்கள் உடனே ஆய்வு முறைப் பாடத்துக்குப் போக வழி செய்யுங்கள்.

இரண்டாவது, இன்னொரு பாடத்துக்கு முன்தேவையாக இருக்கிற எந்தக் கட்டாயப் பாடத்தையும் எண்ணிக்கையைக் காட்டி ரத்து செய்யமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வாரம் ஒரு சந்திப்போடு வழிகாட்டப்பட்ட வாசிப்பாக நடத்தலாம். அதுவும் முடியாவிட்டால் வேறு கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடம் எந்தச் செமஸ்டரில் நடக்கும் என்ற அட்டவணையை, பொதுப் பாடங்களோடு மோதாமல் சரிபார்த்து, அடுத்த பதிவு திறப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வெளியிடுங்கள். மலேசிய சிங்கப்பூர் இலக்கியம் அதில் ஒரு முறையாவது இருக்க வேண்டும். இல்லை, நடத்தவே போவதில்லை என்றால் கையேட்டிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

துறையின் முடிவால் கூடுதல் செமஸ்டர் படிக்க நேர்கிற மாணவர்களிடம் அந்தச் செமஸ்டருக்கான நிர்வாகக் கட்டணத்தையும் வசதிக் கட்டணத்தையும் வாங்காதீர்கள். தாமதத்துக்குக் காரணம் மாணவர் இல்லை, துறைதான் என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள், பி.டி.பி.டி.என். அலுவலகத்தில் காட்ட எங்களிடம் இப்போது ஒரு காகிதமும் இல்லை. சுங்கை பாக்காப் அக்காவுக்கு அந்தக் கடைசிப் பாடத்தைப் பகலில் முடிக்க வழி செய்யுங்கள், அவர் பெயரையும் மாணவர் எண்ணையும் அலுவலகத்தில் கொடுத்த கடிதத்தில் இணைத்திருக்கிறேன், அவர் சம்மதத்தோடுதான்.

எல்லோருக்கும் உயிருள்ள, கல்லூரியில் இருக்கிற ஓர் ஆலோசகரை நியமியுங்கள். கிரெடிட் மாற்ற விண்ணப்பங்களுக்குச் செமஸ்டர் தொடங்கும் முன்பே முடிவு சொல்லுங்கள்.

பாடம் சேர்க்கவும் நீக்கவும் கடைசி நாள் இரண்டாம் வார வெள்ளிக்கிழமை. கோட்பாட்டுப் பாடம் பற்றிய உங்கள் முடிவு மட்டுமாவது அதற்கு முந்தின புதன்கிழமைக்குள் எழுத்தில் எங்களுக்கு வர வேண்டும், அப்போதுதான் இந்தச் செமஸ்டரில் எதை எடுப்பது என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவி,
பினாங்கு